லேப்டாப்பில் வேண்டாத ஆப்களை நீக்குவது: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

எல்லைக்காரி, கொழிஞ்சாம்பாறை

வணக்கம். மகள் சித்தூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்ததும் (ஆந்திராச் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்) ஒரு லேப்டாப் வாங்கினோம். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. பகலில் அவளுக்குப் பாடம், ராத்திரியில் அவள் அப்பாவின் கொப்பரைக் கடைக் கணக்கும் ஜிஎஸ்டியும். வீட்டுக்கு ஒரே மெஷின்தான்.

புதுசுதான், ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை. ஆன் செய்ததும் ஆன்டிவைரஸ் ஒன்று எழும்பி, சந்தா முடியப்போகிறது, பணம் கட்டு என்கிறது. வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று சிவப்பாக வருகிறது. நாங்கள் போடாத கேம்கள் இருக்கின்றன. கடையில் போட்டுக்கொடுத்த கிளீனர் ஒன்று தினமும் தானாக ஓடி, ஆயிரக்கணக்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யக் காசு கொடு என்கிறது. இதெல்லாம் போதாதென்று ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) வேறு, இடம் நிறைந்துவிட்டது என்கிறது.

நீக்கிவிடலாம் என்று பட்டியலைத் திறந்தால் பாதிப் பெயர் புரியவில்லை. ரியல்டெக் யார்? விஷுவல் சி பிளஸ் பிளஸ் ஏன் வரிசையாக அத்தனை தடவை இருக்கிறது? பக்கத்து வீட்டுத் தம்பி, "ஃபார்மட் அடிச்சிடலாம்க்கா" என்கிறான். மகளின் நோட்ஸ் எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கிறது, அதுதான் பயம். தெரிந்தவர்கள் நிதானமாகச் சொல்லுங்கள்.

பழுது பார்ப்பவன், கோவிந்தாபுரம்

அக்கா, ஃபார்மட் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன மெஷினுக்கு வலு போதும். அதில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் வெளியேற்ற வேண்டும்.

முதலில் மகளின் நோட்ஸை ஒரு பென்டிரைவில் காப்பி எடுங்கள். அது கையில் இருந்தால் மற்றதெல்லாம் பயமில்லாமல் செய்யலாம். அப்புறம் ஸ்டார்ட்டில் "ரெஸ்டோர் பாயின்ட்" என்று தேடி, சிஸ்டம் புரொடெக்‌ஷன் ஆஃபில் இருந்தால் ஆன் செய்து, ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போட்டு வையுங்கள். நிறைய லேப்டாப்பில் இது ஆஃபில்தான் வரும். ஒன்று கவனம், ரெஸ்டோர் பாயின்ட் விண்டோஸின் அமைப்புகளைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும். உங்கள் ஃபைல்களுக்கு அது காப்பி ஆகாது.

இனி பட்டியல். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ். அங்கே தேதிவாரியாக அடுக்கும் வசதி இருக்கிறது. அப்படி அடுக்கினால் பாதி விஷயம் தானாகப் புரியும். லேப்டாப் வாங்கிய நாளுக்குப் பின்னால் வந்தவை நீங்களோ கடைக்காரரோ போட்டவை. ஒவ்வொரு வரியிலும் தயாரித்தவர் பெயரும் இருக்கும். லேப்டாப் கம்பெனியின் பெயர் இருந்தால் அது கூடவே வந்தது. மைக்ரோசாஃப்ட் என்று இருந்தால் விண்டோஸோடு வந்ததாக இருக்கலாம். யாரென்றே தெரியாத பெயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்த கிளீனரை இன்றைக்கே எடுங்கள். ஆயிரம் பிழை என்று அது காட்டுவது பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) கிடக்கும் செத்த வரிகளை. அவற்றால் மெஷின் மெதுவாவதில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

ஆன்டிவைரஸையும் எடுக்கலாம். சந்தா முடிந்த ஆன்டிவைரஸ் புது வைரஸைப் பிடிக்காது, ஆனால் இடத்தை மட்டும் விடாது. அதை எடுத்தவுடன் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். மெஷின் காவலில்லாமல் இருக்குமோ என்ற கவலை வேண்டாம். சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்த பிறகும் அதன் மிச்சம் தெரிந்தால், மெக்அஃபி, நார்ட்டன் போன்றவர்களே தனி நீக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

தொடக்கூடாதவை: ரியல்டெக் (சவுண்டு), இன்டெல் அல்லது ஏஎம்டி (டிஸ்பிளே, சிப்செட்), டச்பேடு பெயரில் உள்ளது, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், டாட்நெட், எட்ஜ் வெப்வியூ2 (இந்த மூன்றும் மற்ற புரோகிராம்கள் ஓடத் தேவையானவை). விஷுவல் சி பிளஸ் பிளஸ் வரிசையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு புரோகிராமும் தான் எந்தப் பதிப்பை வைத்து உருவாக்கப்பட்டதோ அதைத் தேடும். 2010 பதிப்பை எடுத்தால் அதை நம்பி இருக்கும் ஏதோ ஒன்று படுத்துக்கொள்ளும். அவை பிடிக்கும் இடம் மிகக் கொஞ்சம், விட்டுவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை எடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், சவுண்டு, வைஃபை, பிரின்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அடுத்தது.

தேங்காய் மண்டி, வேலந்தாவளம்

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் கணக்கு பார்க்கிற மெஷின் என்றதால் சொல்கிறேன். பட்டியலில் "எம்சைனர்" என்று ஒன்று இருந்தால் அது குப்பை இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து போடுவதற்கு அதுதான் வேண்டும். ப்ராக்ஸ்கீ, ஈபாஸ் மாதிரிப் பெயர்கள் கையெழுத்து டோக்கனின் (கையெழுத்துச் சர்டிஃபிகேட் இருக்கும், பென்டிரைவ் போன்ற கருவி) டிரைவர், அதாவது அந்தக் கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் புரோகிராம். விரல்ரேகை மெஷின் வைத்திருப்பவர்களுக்கு "ஆர்டி சர்வீஸ்" என்று முடியும் ஒரு வரி இருக்கும், ஆதார் சரிபார்ப்பு அதன் வழியாகத்தான் போகும். இவை எதற்கும் அழகான ஐகான் இருக்காது. வேண்டாதது போலவேதான் தெரியும். ஸ்டார்ட்அப் பட்டியலிலும் இருக்கும். அங்கேயும் ஆஃப் செய்யாதீர்கள், கையெழுத்து போடும் நேரத்தில்தான் தெரியவரும்.

தனி உரிமையாளராக இருந்தால் ஓடிபி வழியாகவும் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். கம்பெனி, எல்எல்பி என்றால் டோக்கன் கட்டாயம். எதற்கும் உங்கள் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்த மெஷினில் நீங்கள் போட்டது என்னென்ன" என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தப்பித் தவறி டிரைவரை நீக்கிவிட்டாலும் சர்டிஃபிகேட் போகாது, அது டோக்கனுக்குள்தான் இருக்கிறது, டிரைவரை மறுபடி போட்டால் போதும். ஆனால் டோக்கனின் மெனுவில் "இனிஷியலைஸ்" என்று ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் சர்டிஃபிகேட் அழிந்துவிடும், புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

எல்லைக்காரி, கொழிஞ்சாம்பாறை

நன்றி அண்ணா, நன்றி தம்பி. டோக்கன் எங்களிடம் இல்லை, ஓடிபிதான். டேலி மட்டும் இருக்கிறது.

கிளீனர் போய்விட்டது. போகும்போது "நிச்சயமாகவா? பாதி விலைக்குத் தருகிறோம்" என்று இரண்டு ஜன்னல் திறந்தது, கடைசியில் போய்விட்டது. ஆன்டிவைரஸும் போய்விட்டது. டிஃபெண்டர் பச்சை டிக் காட்டுகிறது. ஆனால் "5 வைரஸ்" இன்னும் மூலையில் வருகிறது. ஆன்டிவைரஸே இல்லாதபோது யார் காட்டுகிறார்கள் இதை?

பழுது பார்ப்பவன், கோவிந்தாபுரம்

அது ஆப்பே இல்லை அக்கா. அடுத்த முறை வரும்போது எதையும் க்ளிக் செய்யாமல் உற்றுப் பாருங்கள். பெரிய சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "குரோம்" என்றும், ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். எப்போதோ ஒரு தளம் "நீங்கள் மனிதர் என்று காட்ட அலவ் அமுக்குங்கள்" என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ அமுக்கியிருப்பார்கள். அந்த ஒரு க்ளிக்கில் அறிவிப்பு அனுப்பும் அனுமதி போய்விட்டது. இப்போது அந்தத் தளம் தன் விளம்பரத்தை வைரஸ் எச்சரிக்கை வேஷத்தில் அனுப்புகிறது.

குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாததை எல்லாம் நீக்குங்கள். எட்ஜிலும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கிறது, அதையும் பாருங்கள். கூடவே குரோமின் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள், கூப்பன், பிடிஎஃப் மாற்றி என்ற பெயரில் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த அறிவிப்பில் போன் நம்பர் இருந்தால் யாரும் கூப்பிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். எனிடெஸ்க் போடச் சொல்வார்கள், போட்டால் திரை முழுக்க அவர்கள் கையில். உங்கள் பட்டியலில் எனிடெஸ்க், டீம்வியூவர் இருந்து, யாருக்கும் தேவையில்லை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே யாராவது பணம் இழந்திருந்தால் உடனே 1930க்கு அடிக்க வேண்டும். நாடு முழுக்க அதே எண்தான்.

நகரிக்காரன், சித்தூர் மாவட்டம், ஆந்திரா

அக்காவுக்கு வணக்கம், நான் அந்தச் சித்தூர் பக்கம். எதற்கு ஒவ்வொன்றாக? டீப்ளோட் ஸ்கிரிப்ட் என்று, வேண்டாத ஆப்களை ஒட்டுமொத்தமாக நீக்கும் கட்டளைத் தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது. பவர்ஷெல்லை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) அட்மினாகத் திறந்து ஒரு வரி ஒட்டினால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சுத்தம். எங்கள் ஆபீஸ் லேப்டாப்புகளுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன், எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை.

பள்ளி வாத்தியார், வண்ணாமடை

தம்பி, உங்களுக்கு அந்த ஸ்கிரிப்டைப் படித்துப் பார்த்து, எந்த வரி எதை எடுக்கிறது என்று புரியும். அதனால் உங்களுக்கு அது நல்ல கருவி. இந்த அம்மாவுக்குச் சொல்லும்போது அந்த அறிவையும் சேர்த்துக் கொடுக்க முடியாதே. அட்மினாக ஓடும் ஸ்கிரிப்ட் எதையும் செய்யலாம். சில ஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரையே எடுத்துவிடும். அது போனால் நாளைக்கு கால்குலேட்டர், போட்டோஸ் எதையும் எளிதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. களை பிடுங்கும்போது நாற்றும் சேர்ந்து வந்துவிடக் கூடாது.

கடைகளில் சுத்தம் செய்யும் மென்பொருள் போட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது. 2017இல் சிகிளீனரின் 5.33 பதிப்பில், அந்த நிறுவனத்தின் சொந்த டவுன்லோடுக்குள்ளேயே யாரோ தீய நிரலைச் சொருகிவிட்டார்கள். 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியது. நல்ல பெயர் உள்ள மென்பொருளுக்கே இந்த நிலை. தேவையில்லாத ஒன்றை வைத்திருந்தால் நுழைவதற்கு ஒரு வாசல் கூடுதலாகிறது. ஆப்களை நீக்கச் சொல்வதற்கு வேகத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய காரணம்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2014 கடைசியிலிருந்து லெனோவோவின் சில லேப்டாப் மாடல்கள் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளோடு வந்தன. பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் விளம்பரம் காட்டுவதற்காக அது தன் சொந்த ரூட் சர்டிஃபிகேட்டை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று விண்டோஸ் முடிவு செய்யப் பார்க்கும் சான்று) விண்டோஸில் பதித்துவிட்டது. எல்லா மெஷினிலும் அதே சாவி. அந்தச் சாவி தெரிந்தவர், அதே வைஃபையில் இருந்தால், வங்கித் தளத்தைப் போலவே நடிக்க முடியும். 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தபோது மக்கள் புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்தார்கள், ஆனால் சர்டிஃபிகேட் அங்கேயே இருந்தது. அதைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. பிறகு லெனோவோவே நீக்கும் கருவி கொடுத்தது, டிஃபெண்டரும் பிடிக்க ஆரம்பித்தது. பட்டியலில் ஒரு பெயர் மறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காமல், சந்தேகமான ஒன்றை எடுத்த பிறகு டிஃபெண்டரில் ஒரு ஃபுல் ஸ்கேன் ஓட்டச் சொல்வது இதனால்தான்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் என்று போனால், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நகரிக்காரன், சித்தூர் மாவட்டம், ஆந்திரா

சரி சார், ஒப்புக்கொள்கிறேன், வீட்டு மெஷினுக்கு ஸ்கிரிப்ட் வேண்டாம். ஆனால் விண்டோஸிலேயே விங்கெட் என்று ஆப்களைப் போடவும் எடுக்கவும் ஒரு கட்டளைக் கருவி இருக்கிறது, அது மைக்ரோசாஃப்ட் கொடுத்ததுதான். டெர்மினலில் விங்கெட் லிஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் எல்லாம் ஒரே பட்டியலாக வரும், செட்டிங்ஸில் அன்இன்ஸ்டால் மங்கலாகத் தெரியும் சிலதைக்கூட அதில் எடுக்கலாம். எட்ஜை மட்டும் நம் ஊரில் எடுக்க முடியாது. ஐரோப்பிய நாடுகளில் சட்டம் போட்டதால் 2024 முதல் அங்கே எட்ஜை நீக்க வழி விட்டிருக்கிறார்கள். நம் சட்டமும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்கிய மெஷினில் எது இருக்கலாம் என்று வாங்கியவர்தானே சொல்ல வேண்டும்.

எல்லைக்காரி, கொழிஞ்சாம்பாறை

குரோமில் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். சினிமா பார்க்கும் தளங்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் நீக்கியாயிற்று. மூலை அமைதியாக இருக்கிறது.

அடுத்து ஒன்டிரைவ். இடமில்லை என்று நச்சரிக்கிறது. மகளும் வேண்டாம் என்கிறாள். அன்இன்ஸ்டால் அமுக்கலாமா?

பழுது பார்ப்பவன், கோவிந்தாபுரம்

நிறுத்துங்கள் அக்கா, இன்னும் அமுக்காதீர்கள். இந்த இழையிலேயே முக்கியமான இடம் இதுதான். என்னிடம் அழுதுகொண்டு லேப்டாப் கொண்டுவருகிறவர்களில் நிறையப் பேர் வைரஸால் ஃபைலை இழந்தவர்கள் இல்லை, ஒன்டிரைவை அவசரமாக எடுத்தவர்கள்.

புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ளே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மகள் டெஸ்க்டாப் என்று நினைப்பது உண்மையில் ஒன்டிரைவுக்குள் இருக்கும் டெஸ்க்டாப். இலவச இடம் 5 ஜிபிதான், அதனால்தான் நிறைந்துவிட்டது என்கிறது.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டெஸ்க்டாப்பைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குறியைப் பாருங்கள். பச்சை டிக் இருந்தால் ஃபைல் லேப்டாப்பில் இருக்கிறது. நீல மேகம் மட்டும் இருந்தால், அங்கே பெயர்தான் இருக்கிறது, ஃபைல் இணையத்தில் இருக்கிறது. நெட்டை நிறுத்திவிட்டு மேகக் குறி உள்ள ஒரு நோட்ஸைத் திறந்து பாருங்கள், திறக்காது. அந்த நிலையில் ஒன்டிரைவை எடுத்தால் அந்தப் பெயர்களும் மெஷினிலிருந்து போய்விடும். இணையத்தில் பத்திரமாக இருக்கும்தான், ஆனால் அக்கவுன்ட் பாஸ்வேர்டு கடைக்காரர் போட்டது, நமக்குத் தெரியாது என்ற வீடுகளில் என்ன செய்வது?

அதனால் முதலில் அக்கவுன்ட் பெயரும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒன்டிரைவ் ஃபோல்டரை ரைட் க்ளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுங்கள். எல்லாக் குறியும் பச்சை ஆகும்வரை காத்திருங்கள். நெட் வேகத்தைப் பொறுத்து நேரம் எடுக்கும். பிறகு ஒன்டிரைவ் செட்டிங்ஸில் சிங்க் அண்டு பேக்கப், மேனேஜ் பேக்கப் போய் மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம், பதறாதீர்கள். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பில் இருக்கும். அங்கிருந்து காப்பி எடுத்து உண்மையான டெஸ்க்டாப்பில் ஒட்டுங்கள். கட் செய்ய வேண்டாம், டெலீட்டும் வேண்டாம். இணைப்பு இருக்கும்போது இங்கே அழித்தால் இணையத்திலும் அழியும். எல்லாம் சரியாகத் திறக்கிறது என்று மகளே பார்த்துச் சொன்ன பிறகு, அன்லிங்க் செய்து (அக்கவுன்டோடு உள்ள இணைப்பைத் துண்டித்து), அப்புறம் அன்இன்ஸ்டால்.

பள்ளி வாத்தியார், வண்ணாமடை

இதோடு ஒன்று. லேப்டாப்போடு ஆஃபீஸ் மென்பொருளுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருந்தால், அந்த உரிமையும் அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடுதான் கட்டப்பட்டிருக்கும். ஆஃபீஸ் பல மொழிகளில் பல வரியாகத் தெரியும். நீங்கள் பயன்படுத்தாத மொழிகளை எடுக்கலாம், பயன்படுத்தும் மொழியின் வரியை மட்டும் தொடாதீர்கள்.

எல்லைக்காரி, கொழிஞ்சாம்பாறை

தம்பி சொன்னபடி பார்த்தேன். போன செமஸ்டர் நோட்ஸ் முழுக்க நீல மேகம். நல்லவேளை கேட்டேன். பென்டிரைவில் நான் எடுத்த காப்பியிலும் அவை வந்திருக்குமா என்று சந்தேகம் வந்து, பச்சை ஆன பிறகு மறுபடியும் காப்பி எடுத்தேன். மகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டாள். ஒன்டிரைவ் எடுத்தாயிற்று.

இன்னொரு சந்தேகம். "மலையாளம் லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் பேக்" என்று ஒன்று இருக்கிறது. தமிழ் டைப் அடிக்கும் பழைய புரோகிராம் ஒன்றும் இருக்கிறது. எங்களுக்குத் தமிழும் வேண்டும், பஞ்சாயத்துக்கு மனு எழுத மலையாளமும் வேண்டும்.

பள்ளி வாத்தியார், வண்ணாமடை

அந்தப் பேக், விண்டோஸின் மெனுக்களை மலையாளத்தில் காட்டுவதற்கு. அதை எடுத்தால் டைப் அடிப்பது நிற்காது. எடுப்பதென்றால் செட்டிங்ஸில் டைம் அண்டு லாங்குவேஜ் வழியாகப் போங்கள். அங்கே மலையாளத்தை மொத்தமாக நீக்கிவிட்டால்தான் கீபோர்டும் போகும், அது வேண்டாம்.

தமிழுக்கு விண்டோஸ் 11இலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு கீபோர்டும் உண்டு. சேர்த்துவிட்டால் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அமுக்கி மாற்றிக்கொள்ளலாம். அது கைக்கு வந்த பிறகு பழைய புரோகிராமை எடுங்கள். ஆனால் பாமினி போன்ற யுனிகோட் அல்லாத எழுத்துருவில் பழைய ஃபைல் ஏதாவது இருந்தால், அவற்றை யுனிகோடுக்கு மாற்றும்வரை அந்தப் புரோகிராமும் எழுத்துருவும் இருக்கட்டும். மலையாள டிடிபி (அச்சுக்கான பக்க வடிவமைப்பு) வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் ஐஎஸ்எம் என்ற டைப்பிங் மென்பொருளுக்கும் இதே பேச்சுதான்.

தேங்காய் மண்டி, வேலந்தாவளம்

என்னிடம் விண்டோஸ் 10 உள்ள பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். நானும் இதெல்லாம் எடுத்துப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லையே?

பழுது பார்ப்பவன், கோவிந்தாபுரம்

அண்ணா, அங்கே தடை ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி மாற்றி, இடமிருந்தால் ரேமை 8 ஆக்குங்கள், அதுதான் வித்தியாசம் காட்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான அப்டேட்டை நிறுத்திவிட்டது. வங்கி வேலை செய்கிற மெஷின் என்பதால் அதையும் யோசியுங்கள்.

எஸ்எஸ்டி மாற்றும்போது விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடலாம், உங்கள் விஷயத்தில் அது சரி. 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டால் கம்பெனி சேர்த்த ஆப் எதுவும் வராது. விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் உரிமம் மதர்போர்டோடு இருக்கிறது, தானாக ஆக்டிவேட் ஆகும். அதனால் யாராவது கிராக் போடுகிறேன் என்றால் விடாதீர்கள். வைஃபை டிரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். டேலி டேட்டாவை பேக்கப் எடுங்கள்.

பள்ளி வாத்தியார், வண்ணாமடை

கணக்கு வேலை வேறு மெஷினுக்குப் போய்விட்டால், பழையதில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கேரளப் பள்ளிகளில் கைட் (பள்ளிகளின் தொழில்நுட்பத்தைப் பார்க்கும் மாநில அரசு நிறுவனம்) கொடுப்பதும் உபுண்டுதான், எங்கள் தமிழ் மீடியப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். டேலி மட்டும் அதில் நேரடியாக ஓடாது.

எல்லைக்காரி, கொழிஞ்சாம்பாறை

கடைசியாக ஒன்று. அவருக்குத் தனி யூசர் அக்கவுன்ட் போட்டுக்கொடுத்தேன். அதில் உள்ளே போனால், என் அக்கவுன்டில் நீக்கிய லேப்டாப் கம்பெனி ஆப்களில் சில மறுபடி நிற்கின்றன. எடுத்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டதா?

நகரிக்காரன், சித்தூர் மாவட்டம், ஆந்திரா

திரும்பி வரவில்லை அக்கா. ஸ்டோர் வகை ஆப்களை நீக்கினால் நீக்கிய யூசருக்கு மட்டும்தான் போகும். அதன் மூலப் பிரதி விண்டோஸுக்குள் தனியாக இருக்கும். புது யூசர் வரும்போதெல்லாம் அதிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுக்கும். இரண்டு பேர்தான் என்றால் அவர் அக்கவுன்டிலும் ஸ்டார்ட் மெனுவில் ரைட் க்ளிக் செய்து ஒரு தடவை எடுத்துவிடுங்கள், போதும். பெரிய அப்டேட் வந்த பிறகு மட்டும் ஒரு தரம் பட்டியலைப் பாருங்கள், சில சமயம் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் பரிந்துரை என்ற பெயரில் வருபவை செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், ஸ்டார்ட் போய் அந்தப் பரிந்துரை சுவிட்சை ஆஃப் செய்தால் நின்றுவிடும். அதையும் இரண்டு அக்கவுன்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.